பெப்பேயின் பேரேடு

2014 ஜூன் 16 அன்று இரவு, பிரேசிலின் சால்வடோர் நகரில் ஜெர்மனியும் போர்ச்சுகலும் மோதிய உலகக் கோப்பை ஆட்டத்தின் 37ஆவது நிமிடத்தில், பெப்பே என்னும் தடுப்பாட்டக்காரரின் கணக்கை வராக்கடன் என்று எழுதி மூடினேன். பந்துக்கான தள்ளுமுள்ளில் அவருடைய கை தோமஸ் முல்லரின் முகத்தில் பட்டு, முல்லர் விழுந்து தரையில் உட்கார்ந்திருந்தார். அத்தோடு விட்டிருந்தால் அது ஒரு ஃபவுலோடு போயிருக்கும். பெப்பே திரும்பி வந்து, குனிந்து, உட்கார்ந்திருந்தவரின் தலையில் தன் தலையால் முட்டினார். நடுவர் சிவப்பு அட்டையை எடுத்தார். அப்போதே இரண்டு கோல் பின்தங்கியிருந்த போர்ச்சுகல் 4-0 என்று தோற்றது. அந்தப் பிரிவில் அமெரிக்காவுக்குச் சமமாக 4 புள்ளிகள் எடுத்தும், கோல் வித்தியாசத்தில் பின்தங்கி ஊர் திரும்பியது.

வராக்கடன் என்ற சொல்லை அலங்காரத்துக்காகப் போடவில்லை. காரைக்குடியில் ஓர் இரும்புக்கடையில் கணக்கெழுதுவது என் பிழைப்பு. மலேயாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போய், ஈப்போவில் அடுத்தாளாக (முதலாளியின் ஏஜெண்டுக்கு உதவியாளாக) இருந்து திரும்பிய என் ஐயாவிடம்தான் பேரேடு எழுதப் பழகினேன். அவர் கண்டிப்பாகச் சொன்னவை இரண்டு. எழுதியதை அடித்துத் திருத்தக் கூடாது என்பது ஒன்று. ஒருவரிடமிருந்து வர வேண்டியதையும் அவருக்குத் தர வேண்டியதையும் மனத்துக்குள்ளேயே கழித்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் எழுதக் கூடாது, இரண்டையும் அதனதன் பக்கத்தில் முழுத்தொகையாக எழுத வேண்டும் என்பது மற்றொன்று. கடையில் இந்த இரண்டையும் இருபது ஆண்டுகளாகத் தவறாமல் கடைப்பிடித்துவரும் நான், கால்பந்து பார்க்கும்போது மட்டும் இரண்டாவதைக் காற்றில் விட்டிருந்தேன் என்பது 2016 ஜூலையில்தான் உறைத்தது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்துச் சிறுபிள்ளைகள் ஒருவரை ஏமாற்றிவிட்டு ஓடும்போது 'பெப்பே' என்று நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டுவார்கள் அல்லவா, அதனால் டிவியில் இவர் பெயர் வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்கள். முழுப்பெயரைக் கேட்டால் சிரிப்பு நின்றுவிடும். கெப்ளர் லாவெரான் டி லிமா ஃபெரெய்ரா. கோள்களின் ஓட்டத்துக்கு விதி கண்ட யோஹான்னஸ் கெப்ளரின் பெயரையும், மலேரியாக் கிருமியைக் கண்டவரும் 1907இல் நோபல் பரிசு பெற்றவருமான லாவெரானின் பெயரையும் சேர்த்துப் பிள்ளைக்கு இட்டிருக்கிறார் அவருடைய தந்தை. 1983இல் பிரேசிலின் மசேயோ நகரில் பிறந்தவர், 18 வயதில் போர்ச்சுகலின் மதீரா தீவுக்கு ஆட வந்தார். 2004இல் போர்ட்டோ, 2007இல் 3 கோடி யூரோவுக்கு ரியல் மாட்ரிட். அதே ஆண்டில் போர்ச்சுகல் குடியுரிமை பெற்று அந்நாட்டுக்காக ஆடத் தொடங்கினார்.

பற்றுப் பக்கத்தின், அதாவது அவர் கடன்பட்டிருந்த பக்கத்தின், முதல் வரி 2009 ஏப்ரல் 21. ரியல் மாட்ரிட் தன் சொந்த மைதானத்தில் ஹெட்டாஃபே அணியோடு 2-2 என்று நின்ற ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில், பெனால்டிப் பகுதிக்குள் பந்தை நோக்கிப் போன ஹாவியர் காஸ்கெரோவைப் பின்னாலிருந்து தள்ளி வீழ்த்தினார். நடுவர் பெனால்டி கொடுத்தார். அதன் பிறகுதான் நடந்தது கொடுமை. கீழே கிடந்தவரைக் காலால் உதைத்தார், மறுபடியும் உதைத்தார், மிதித்தார். விலக்கிவிட வந்த நெரிசலில் ஹுவான் அல்பினின் முகத்திலும் கை வைத்தார். 10 ஆட்டங்களுக்குத் தடை விதித்தார்கள். அதைக் குறைவு என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன்.

மற்றவை இதற்குப் பின்னால் வரிசையாக வந்தன. 2011 ஏப்ரல் 27 அன்று சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் பார்சிலோனாவின் டானி ஆல்வெஸை நோக்கிக் காலை உயர்த்திப் போனதற்குச் சிவப்பு அட்டை பெற்றார்; பத்துப் பேரோடு ஆடிய ரியல் அணிக்கு எதிராக மெஸ்ஸி இரண்டு கோல் அடித்தார். 2012 ஜனவரி 18 அன்று, தரையில் உட்கார்ந்திருந்த அதே மெஸ்ஸியின் கையை மிதித்துக்கொண்டு நடந்து போனார். அதற்கு அட்டையும் இல்லை, தடையும் இல்லை. வேண்டுமென்று செய்யவில்லை என்று பிற்பாடு சொன்னார். மெஸ்ஸி ரசிகனான எனக்கு அந்த விளக்கம் போதுமானதாக இருக்கவில்லை, இன்றும் இல்லை. அதன் பிறகு முல்லர்.

என் கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. கல்லூரி நாட்களில் நான் ஃபார்வேர்டு, கோல் அடிக்கப் போகும் முன்வரிசை ஆள். கோடையில் வற்றிக் கிடக்கும் கண்மாயின் உள்வாய்தான் எங்களுக்கு மைதானம். சரளை மண்ணில் விழுந்தால் தோல் உரியும், ஷின் கார்டு என்பதை டிவியில் மட்டும் பார்த்திருந்த காலம் அது. ஒரு மாலை ஆட்டத்தில் எதிரணியின் ஸ்டாப்பர், அதாவது நடுத் தடுப்பாட்டக்காரர், வைத்த பூட்ஸ், என் வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு தெரியும் அளவுக்குப் பிளந்துவிட்டது. ஏழு தையல் போட்டார்கள். அந்தத் தழும்பு இப்போதும் மழைக்கு முன்னால் ஊறல் எடுக்கும். அன்றிலிருந்து ஸ்டாப்பர்கள் எல்லோரும் எனக்கு ஒரே ஆள்தான். பெப்பே அந்த ஆளின் உலகப் புகழ் பெற்ற முகம்.

2016 மே 28 அன்று மிலான் நகரில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம் என் தீர்ப்பை மேலும் இறுக்கியது. அட்லெடிகோ மாட்ரிட்டின் டோரஸை வீழ்த்திப் பெனால்டி கொடுத்தார். கிரீஸ்மான் அதைக் குறுக்குக் கம்பத்தில் அடித்து வீணாக்கினார். பிறகு ஃபிலிப்பே லூயிஸின் விரல் முகத்தில் லேசாகப் பட்டதற்கு, முகத்தைப் பொத்திக்கொண்டு வெட்டுண்ட மரம்போல விழுந்தார். முரடன் என்ற பெயரோடு நடிகன் என்ற பெயரும் சேர்ந்துகொண்டது. ரியல் அணி டைபிரேக்கரில் (பெனால்டி உதைகளில்) வென்றதைவிட அந்த விழுகைதான் அடுத்த நாள் எல்லோருடைய கைபேசியிலும் சுற்றியது. அன்று நடுவராக இருந்தவர் இங்கிலாந்தின் மார்க் கிளாட்டன்பர்க். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆறு வாரம் கழித்து, ஜூலை 10 அன்று, பாரிஸை அடுத்த சேன் தெனி நகரில் ஐரோப்பியக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் போர்ச்சுகலும் பிரான்ஸும் மோதின. போர்ச்சுகல் அங்கே வந்து சேர்ந்த வழியைப் புகழ யாரும் இல்லை. பிரிவு ஆட்டங்கள் மூன்றும் டிரா. அதில் ஹங்கேரியோடு 3-3 என்ற ஆட்டம் தடுப்பாட்டத்துக்குப் பெருமை சேர்ப்பதல்ல. 24 அணிகள் ஆடிய போட்டி என்பதால் மூன்றாம் இடத்தைப் பிடித்தும் அடுத்த சுற்றுக்குத் தப்பி வந்தது. குரோஷியாவோடு 117ஆவது நிமிடத்தில் குவாரெஸ்மா அடித்த ஒரே கோல்; போலந்தோடு 1-1 என்று முடிந்து டைபிரேக்கர். நள்ளிரவில் கண்விழித்துப் பார்த்தவனுக்கு இவை தண்டனை போல இருந்தன என்பதை மறைக்க விரும்பவில்லை. 90 நிமிடத்துக்குள் அந்த அணி வென்ற ஒரே ஆட்டம் வேல்ஸுக்கு எதிரான அரையிறுதிதான்.

தடுப்பாட்டக்காரரின் பக்கமிருந்து அதே தொகைகளைக் கூட்டினால் வேறு விடை வருகிறது. பிரிவுச் சுற்றுக்குப் பிறகு இறுதி ஆட்டம் வரை சேர்த்து நான்கு ஆட்டங்களில், கூடுதல் நேரங்களையும் கணக்கில் கொண்டால் 450 நிமிடங்களில், போர்ச்சுகல் வாங்கியது ஒரே ஒரு கோல்: போலந்தின் லெவான்டோவ்ஸ்கி இரண்டாவது நிமிடத்தில் அடித்தது. இந்த 450இல் 360 நிமிடம் பெப்பே களத்தில் இருந்தார். மீதி 90, தொடைக் காயத்தால் அவர் உட்கார்ந்துவிட்ட வேல்ஸ் ஆட்டம். அந்த ஆட்டத்தில் அவருக்குப் பதிலாக ப்ரூனோ ஆல்வெஸ் ஆடினார், அப்போதும் கோல் விழவில்லை. ஆகவே எல்லாம் பெப்பேயால் என்று சொன்னால் அது கள்ளக்கணக்கு.

இறுதி ஆட்டம் இங்கே நள்ளிரவு 12:30க்குத் தொடங்கியது. வீட்டுப் படைப்புக்காகத் தேவகோட்டையிலிருந்து வந்திருந்த பெரியப்பச்சி (பெரியப்பா) மகன் அண்ணனும் நானும் பட்டாலையில் உட்கார்ந்திருந்தோம். இரண்டாம் கட்டில் படுத்திருந்த அப்பத்தாவின் தூக்கம் கலைந்துவிடக் கூடாது என்பதற்காக டிவியின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டோம். அன்று அந்த மைதானத்தில் விளக்கு வெளிச்சத்துக்கு அந்துப்பூச்சிகள் கூட்டம் கூட்டமாக மொய்த்து, ஆட்டக்காரர்களின் முகத்தில் வந்து உட்கார்ந்தன. இங்கே முற்றத்திலிருந்து வந்த கொசுக்கள் எங்களைப் பிடுங்கின. லாவெரான் என்ற பெயரை வைத்து அண்ணன் ஒரு வேடிக்கை சொன்னார், அது இங்கே வேண்டாம்.

சத்தம் இல்லாமல் ஆட்டம் பார்ப்பதில் ஒரு வசதி இருப்பதை அன்றுதான் கண்டேன். பெப்பே பந்தின் அருகில் வந்தாலே வர்ணனையாளர்கள் பழைய கதையை எடுப்பார்கள். ரீப்ளேயைக் காட்டும் முன்பே தீர்ப்பைச் சொல்லிவிடுவார்கள். அன்று அந்தக் குரல் இல்லை. கல்லூரி அணியில் எனக்குப் பின்னால் ஸ்டாப்பராக நின்றவர் அண்ணன். அவர் ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிடத்தில் என்னிடம் சொன்னார்: "தம்பி, பந்தைப் பார்க்காதே. பந்தை எல்லாரும்தான் பார்க்கிறாங்க. பந்து அந்தக் கோடியில இருக்கிறப்ப அந்த மொட்டைத் தலை எங்க நிக்குதுன்னு பாரு."

சொல்வது எளிது. டிவி கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். தடுப்பாட்டக்காரர் திரையின் ஓரத்தில் பாதி உடம்பாக, சில வேளைகளில் நீட்டிய ஒரு கையாக மட்டும் தெரிவார். ஆனால் அந்தப் பாதி உடம்பையே பார்த்துக்கொண்டிருந்தால் அதற்கு ஓர் ஒழுங்கு இருப்பது பிடிபடும். பிரான்ஸின் சிசோக்கோ நடுக்களத்தைக் கிழித்துக்கொண்டு வரும்போதெல்லாம் பெப்பேயின் தலை இரண்டு முறை திரும்பும்: ஒருமுறை பந்துக்கு, ஒருமுறை தோளுக்குப் பின்னால் கிரீஸ்மான் எங்கே என்பதற்கு. உயரமான ஜிரூ பந்தை வாங்குவதற்காகப் பின்னுக்கு நகர்ந்தால், பழைய பெப்பேயாக நான் கற்பனை செய்துவைத்திருந்த ஆள் அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டு போய் இடித்திருப்பார். இவர் போகவில்லை. நான்கு அடி முன்னால் வந்து, முன்னே நின்ற வில்லியம் கார்வால்யோவிடம் கையைக் காட்டி ஜிரூவை ஒப்படைத்துவிட்டு, மறுபடி கோட்டுக்குத் திரும்பினார். ஒப்படைப்பது என்பது எவ்வளவு பெரிய வேலை என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. ஃபார்வேர்டாக ஆடிய ஆண்டுகளில், என்னை யார் அடிக்கிறார்கள் என்று பார்த்தேனே தவிர, யார் யாரிடம் ஒப்படைக்கிறார்கள் என்று பார்த்ததே இல்லை.

நான் காத்திருந்த கணம் எட்டாவது நிமிடத்தில் வந்தது. பிரான்ஸின் பாயெட் மோதியதில் ரொனால்டோவின் முழங்கால் அடிபட்டது. நடுவர் பாயெட்டுக்கு மஞ்சள் அட்டைகூடக் காட்டவில்லை. அந்த நடுவர் யார் தெரியுமா? மிலானில் நின்ற அதே கிளாட்டன்பர்க். ரொனால்டோ கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார், முடியாமல் புல்லில் உட்கார்ந்து அழுதார், 25ஆவது நிமிடத்தில் ஸ்ட்ரெச்சரில் வெளியேறினார். மாட்ரிட்டில் ஏழு ஆண்டு ஒரே அறையில் உடை மாற்றிய தோழன், நாட்டின் முதல் பெரிய கோப்பைக்கான ஆட்டம், எதிரே அதைச் செய்த ஆள், கேட்க நாதியில்லாத நிலை. "இப்ப பாருங்க அண்ணே, கிறுக்குப் பிடிக்கும்" என்று நான் சொன்னேன். 2009இலும் 2014இலும் இதில் நூறில் ஒரு பங்கு காரணம்கூட அவருக்குத் தேவைப்படவில்லை.

கிறுக்குப் பிடிக்கவில்லை. பாயெட்டைத் தேடிப் போகவும் இல்லை. அந்த 120 நிமிட ஆட்டத்தில் போர்ச்சுகல் தரப்பில் கோல்கீப்பர் ரூய் பத்ரீசியோ உட்பட ஆறு பேர் மஞ்சள் அட்டை வாங்கினார்கள், ஜோடியாக நின்ற ஜோசே ஃபோன்ட்டும் வாங்கினார், பெப்பே வாங்கவில்லை.

குறை இல்லாமல் ஆடினார் என்றும் சொல்ல மாட்டேன். 66ஆவது நிமிடத்தில் கோமான் அனுப்பிய பந்துக்குக் கிரீஸ்மான் தடையில்லாமல் எழும்பி, தலையால் முட்டி மேலே அனுப்பினார். அந்தப் போட்டியில் 6 கோல் அடித்து முதலிடத்தில் இருந்தவரை அப்படி விட்டது தடுப்பாட்டத்தின் தவறு. அதைவிடப் பெரியது 92ஆவது நிமிடம். மாற்று ஆட்டக்காரராக வந்த ஜிக்னாக் கோலுக்கு மிக அருகில் பந்தை வாங்கி, ஒரு பக்கம் போக்குக் காட்டி, மறுபக்கம் திரும்பினார். போக்கில் ஏமாந்து புல்லில் சரிந்தவர் பெப்பேதான். பத்ரீசியோவையும் தாண்டிய பந்து பக்கத்துக் கம்பத்தில் அடித்துத் திரும்பியது. அண்ணனும் நானும் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டோம். அந்தப் பந்து உள்ளே போயிருந்தால், 'கோப்பையைத் தொலைத்த முரடன்' என்று இன்னொரு வரி பற்றுப் பக்கத்தில் ஏறியிருக்கும், நானும் மகிழ்ச்சியோடு அதை எழுதியிருப்பேன். 109ஆவது நிமிடத்தில் எடெர் தூரத்திலிருந்து அடித்த கோல் வேறு கதை ஆக்கிவிட்டது. 2004இல் சொந்த மண்ணில் கிரீஸிடம் இறுதி ஆட்டத்தைத் தோற்ற நாட்டுக்கு முதல் பெரிய கோப்பை கிடைத்தது. அந்த ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரர் என்று ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா பெப்பேயைத் தேர்ந்தெடுத்தது. போட்டியின் சிறந்த அணியிலும் அவர் பெயர் இருந்தது.

கோப்பை வந்துவிட்டது, ஆகவே பழையதை மறந்துவிடலாம் என்று பலர் பேசியது எனக்கு ஒப்பவில்லை. 1982 உலகக் கோப்பையில் இத்தாலியின் கிளாடியோ ஜென்டிலே, மாரடோனாவை ஆட்டம் முழுவதும் இடித்தும் பிடித்தும் முடக்கினார், அடுத்த ஆட்டத்தில் ஸிகோவின் சட்டையைக் கிழித்தார். இத்தாலி கோப்பையை வென்றதால் அதெல்லாம் வீரக்கதையாகிவிட்டது. தோற்றிருந்தால் என்ன பெயர் கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். கோப்பையை வைத்துக் குணத்தை எடை போடுவது, வசூலான தொகையைப் பார்த்துவிட்டு ஆள் யோக்கியன் என்று சொல்வது போன்றது.

எனக்கு வேறொன்று தெரிந்தது. அன்று விடியற்காலை அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தபோது, பற்றுப் பக்கத்து வரிகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். காஸ்கெரோவை உதைத்தபோது பெனால்டி ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருந்தது. மெஸ்ஸியின் கையை மிதித்தபோது ஆட்டம் நின்றிருந்தது. முல்லரை முட்டியபோதும் அப்படித்தான், மிலானில் முகத்தைப் பொத்திக்கொண்டு விழுந்ததும் அப்படித்தான். டானி ஆல்வெஸ் விவகாரம் ஒன்று மட்டுமே ஓடும் பந்துக்கான போட்டியில் நடந்தது, அதில் கால் பட்டதா இல்லையா என்பதே இன்றுவரை வாதத்தில் இருக்கிறது. அதாவது, அவருக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தவை எல்லாம் ஏறக்குறைய பந்து நின்ற நேரத்தில் நடந்தவை. பந்து ஓடும்போது அவர் செய்துகொண்டிருந்த வேலையில் கடுமை இருந்தது, ஆனால் அந்த வேலை சுத்தமாக இருந்தது, எப்போதுமே இருந்திருக்கிறது. ரியல் அணியின் பயிற்சியாளர்களாக இருந்த மொரீன்யோவும் அன்செலோட்டியும் ஜிதானும் அவரை வைத்துக்கொண்டது இரக்கப்பட்டு அல்ல. கட்டுக்குள் வராதது, பந்து நின்ற பிறகு வரும் அந்தச் சில நொடிகள். முரட்டு ஆட்டக்காரர் என்ற பெயரே தவறு. ஆட்டம் முரடு அல்ல. ஆட்டம் இல்லாத நேரம்தான் முரடு.

அந்த வகையில் சேன் தெனியில் நான் கண்ட புதுமை அவருடைய தடுப்பாட்டம் அல்ல. அது பழையதுதான், நான்தான் பார்க்காமல் இருந்தேன். புதியது, 8ஆவது நிமிடத்துக்கும் 25ஆவது நிமிடத்துக்கும் இடையில் பந்து நின்ற நேரங்களில் அவர் ஒன்றும் செய்யாமல் இருந்தது.

இதைச் சொன்னபோது அண்ணன் என் முழங்காலைக் காட்டினார். "அன்னைக்கு அவன் பந்தைத்தான் தம்பி எடுத்தான். விசில் ஊதலை, ஞாபகம் இருக்கா? நீதான் வேகத்தைக் குறைக்காமப் போயி விழுந்தே" என்றார். எங்கள் அணியின் ஸ்டாப்பர் அவர், பத்தடி தூரத்தில் நின்று பார்த்தவர். எதிரணிக்காரனுக்கு வக்காலத்து வாங்க அவருக்கு எந்த அவசியமும் இல்லை. என் நினைவில் அன்று விசில் ஊதியிருந்தது. ஊதியபின் உதைத்தான் என்றுதான் இத்தனை ஆண்டும் எல்லோரிடமும் சொல்லிவந்திருக்கிறேன். அன்று விடியும்வரை யோசித்தும் அந்த விசிலின் சத்தத்தை என்னால் மீட்டெடுக்க முடியவில்லை. அண்ணன் சொன்னதை முழுக்க ஏற்றுக்கொண்டேன் என்றும் சொல்ல மாட்டேன், ஏழு தையல் என் காலில்தான் போட்டார்கள்.

கணக்கெழுதுகிறவர்களுக்குத் தெரிந்த ஒரு நடைமுறை உண்டு. வராக்கடன் என்று எழுதித் தள்ளிய தொகை, ஆண்டுகள் கழித்து எதிர்பாராமல் வசூலாகிவிட்டால், அதைக் கடன்காரரின் பழைய கணக்கில் வரவு வைக்கக் கூடாது. அந்தக் கணக்கு மூடிய கணக்கு. அதில் எழுதியது எழுதியபடியே நிற்கும். 'வராக்கடன் வசூல்' என்று தனியாக ஒரு கணக்கைத் திறந்து அதில்தான் எழுத வேண்டும். புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுவார்கள். பணம் வந்துவிட்டதே, பழைய பக்கத்தைச் சரிசெய்துவிடலாமே என்பார்கள். பெப்பே விஷயத்தில் நான் செய்தது இதுதான். 2009ஐயும் 2014ஐயும் அடிக்கவில்லை. காஸ்கெரோவுக்குப் பட்ட உதை, பிரான்ஸில் கிடைத்த கோப்பையால் ஒரு துளியும் லேசாகிவிடாது. அதே நேரத்தில், அந்த உதையைக் காட்டி 360 நிமிடத்தைக் கழித்துவிடவும் எனக்கு உரிமையில்லை.

பிற்பாடு அவர் துருக்கியின் பெஸிக்டாஸ் அணிக்குப் போய், 2019 ஜனவரியில் போர்ட்டோவுக்கே திரும்பி, இரண்டு கணக்கையும் சேர்த்தே வளர்த்தார். 2022 பிப்ரவரியில் ஸ்போர்ட்டிங் அணியோடு ஆட்டம் 2-2 என்று முடிந்து, கடைசி விசிலும் ஊதியபின் மூண்ட கைகலப்பில் சிவப்பு அட்டை வாங்கினார். பந்து நின்ற நேரம் என்று நான் சொன்னதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அதே ஆண்டு டிசம்பரில் உலகக் கோப்பையில் ஸ்விட்சர்லாந்துக்கு எதிராகத் தலையால் முட்டி ஒரு கோல் போட்டார். அப்போது வயது 39, அதுவரை உலகக் கோப்பை நாக்கவுட் சுற்றில் கோல் அடித்தவர்களில் அவரே மூத்தவர். 2024 ஜூலை 5 அன்று ஹாம்பர்க் நகரில் மீண்டும் பிரான்ஸ். 41 வயதில், ஐரோப்பியக் கோப்பையில் ஆடியவர்களிலேயே மூத்தவராக, 120 நிமிடமும் நின்றார்; மார்க்குஸ் துராமோடு பந்துக்கு ஓடி ஈடுகொடுத்தார். பிரான்ஸ் அன்று ஒரு கோலும் அடிக்கவில்லை, டைபிரேக்கரில்தான் வென்றது. ரொனால்டோவின் தோளில் சாய்ந்து அவர் அழுததை நானும் அண்ணனும் ஆளுக்கொரு ஊரில் பார்த்துக்கொண்டு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தோம். அடுத்த மாதம் ஓய்வை அறிவித்தார். போர்ச்சுகலுக்கு 141 ஆட்டங்கள்.

இதை எழுத உட்காரும் முன் 2009 காணொளியை மறுபடி ஓடவிட்டேன். முன்பெல்லாம் பெப்பேயின் காலை மட்டும்தான் அதில் பார்த்திருக்கிறேன். இந்த முறை, அண்ணன் சொல்லிக்கொடுத்தபடி, கேமரா யாரைத் துரத்துகிறதோ அவரை விட்டுவிட்டு மற்றவரைப் பார்த்தேன். ஆட்களும் சத்தமும் பெப்பேயின் பின்னால் போகின்றன. உதைபட்ட காஸ்கெரோ எழுந்திருக்கிறார். அந்தப் பெனால்டியை அடிக்க வந்து நிற்பவரும் அவரேதான். ஓங்கி அடிக்கவில்லை, கோல்கீப்பர் பாய்ந்துவிடுவார் என்று நம்பி, பந்தின் அடியில் காலை விட்டு மெல்லத் தூக்கிப் போடுகிறார். ரியல் கோல்கீப்பர் காஸியாஸ் பாயவில்லை. நின்ற இடத்திலேயே இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொள்கிறார். அடுத்த சில நிமிடங்களில் ரியல் மூன்றாவது கோலைப் போட்டு வென்றுவிட்டது.